ஜெபம் வராதபோது என்ன செய்கிறீர்கள்?

பாசிக்காரி (தங்கச்சிமடம் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தை மாதம் வலை இழுக்கும்போதே வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார், பேச்சு குழறுகிறது. நான் கப்பா பாசி என்கிற கடல்பாசி வளர்க்கிறேன். மூங்கில் தெப்பத்தில் கட்டினால் 45 நாளில் அறுப்பு வரும். அந்தக் காசில்தான் வட்டி போய்க்கொண்டிருந்தது. இந்தக் கோடையில் தண்ணீர் சூடேறி பாசி வெளுத்து, கட்டியதெல்லாம் கயிற்றிலிருந்து உதிர்ந்துவிட்டது. விதைப்பாசிகூட மிஞ்சவில்லை.

பணத்துக்காக இங்கே எழுதவில்லை. எங்கள் ஊரில் யாருக்குத்தான் கடன் இல்லை? எனக்கு ஜெபம் வரவில்லை, அதுதான் கவலை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்குப் போகிறேன், முழங்காலில் நிற்கிறேன், வாய் சொல்கிறது. உள்ளே கோபம் மட்டும்தான். அன்பியக் கூட்டத்துக்கு (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம்) வந்த ஓர் அக்கா, "ஆண்டவர் தனக்குப் பிரியமானவங்களைத்தான் சோதிப்பாரு" என்றார். அப்படியானால் என்மேல் பிரியம் கொஞ்சம் குறையட்டும் என்று வாய்வரை வந்தது. மூத்தவர், அதனால் டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் ராத்திரி சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படுத்துவிடுகிறேன். ஆண்டவரிடம் கோபப்படுவது பாவமா? இப்படியே இருந்தால் விசுவாசம் போய்விடுமா? இந்த மாதிரிக் காலத்தைக் கடந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

தொண்டிக்காரன்:

தங்கச்சி, அண்ணனை ஒருதரம் ஓரியூருக்குக் கூட்டிப்போங்கள். வேதசாட்சியான புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ரத்தம் சிந்திய இடம். அந்தச் செம்மண்ணை நம்பிக்கையோடு எடுத்துப் பூசுங்கள். எங்கள் குடும்பத்துக்கு எது வந்தாலும் அங்கேதான் போவோம்.

உபதேசியார் மகன் (மண்டபம்):

ஓரியூருக்கு நானும் வருடாவருடம் போகிறவன்தான். ஆனால் அக்கா கேட்டது வேறு.

கோபம் பாவம் என்றால் பைபிளில் உள்ள திருப்பாடல்கள் புத்தகத்தில் பாதியைக் கிழிக்க வேண்டிவரும். 13ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள், பாடுகிறவர் ஆரம்பத்திலேயே ஆண்டவரிடம் "எவ்வளவு காலம்" என்று நாலு தடவை கேட்டுவிடுகிறார். 88ஐப் படித்தால் கடைசிவரை ஆறுதலே கிடையாது, இருட்டோடு முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் முன்னோர்கள் சேர்த்துவைத்தார்கள்.

நாம் கடல்காரர்கள், மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரம் நமக்குப் புரியும். காற்று அடிக்கிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் எழுப்பி, சாகப்போகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்கள். மரியாதையான ஜெபமா அது? மாற்கில் அவர் முதலில் காற்றை அடக்குகிறார், ஏன் பயந்தீர்கள் என்பதை அப்புறம்தான் கேட்கிறார். மத்தேயுவில் இது முன்பின்னாக இருக்கும். எனக்கு மாற்கு சொல்வதுதான் பிடிக்கும்.

பாம்பன் மருமகள்:

எங்கள் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது சின்னப் பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. அவருடைய அப்பாவும் இரண்டு தம்பிகளும் போய்விட்டார்கள். அங்கே கூரையில்லாமல் நிற்கிற கோயில் சுவரை இன்று எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டேன், "அத்தை, ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார்னு நீங்க கேட்டதே இல்லையா?" ஜெபமாலையை நிறுத்தாமலேயே சொன்னார்: "கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அவருதான் இன்னும் வாயத் திறக்கல." சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போய்விட்டார்.

வீட்டில் எது நடந்தாலும் அவர் ஜெபமாலை தவறாது. சண்டை போட்டுக்கொண்டே சொல்வார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் பாதியில் நின்று, "உமது சித்தமா? பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று முணுமுணுப்பது எங்களுக்கு நன்றாகக் கேட்கும். அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. நீங்கள் வாயை மூடிப் படுப்பதைவிட நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுங்கள். அண்ணனுக்கும் உள்ளே கோபம் இருக்கும், அவருக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கும் சேர்த்து நீங்களே சத்தமாகக் கேளுங்கள்.

இன்னொன்று. ஓரியூர் மண்ணைப் பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021இல் வந்த அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு வருகிறார்கள்.

பாசிக்காரி:

மாமியார் சொன்னதை அவரிடம் படித்துக் காட்டினேன். வாய் கோணிய சிரிப்புதான், ஆனால் சிரித்தார். ராத்திரி அந்த 13ஐ எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். அவருக்கு "எவ்வளவு" மட்டும் சரியாக வந்தது. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

பிசியோவுக்கு யாரிடம் சொல்ல வேண்டும்?

பாம்பன் மருமகள்:

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பெயர் கொடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். விதைப்பாசிக்கு எங்கள் குழுவில் கேட்டுப் பார்க்கிறேன். தண்ணீர் கொஞ்சம் குளிரட்டும், இப்போது கட்டினால் மறுபடியும் வெளுத்துவிடும்.