புதுப்பிப்பு: அம்மாவுக்கு வாயு பிரிந்துவிட்டது

குடல்வால் வெடித்து அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கு வயிறு உப்பி, குடல் அசையாமல் இருக்கிறது என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். இன்று காலை வாயு பிரிந்தது; குடல் மீண்டும் அசையத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அழுதுவிட்டேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுகுடல் ஒரு நாளுக்குள் இயங்கத் தொடங்கினாலும், பெருங்குடலுக்கு 48 முதல் 72 மணி நேரம் ஆவது இயல்புதான். வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தால் இன்னும் தாமதமாகும்.

குடல் அசைய உதவும் என்று அந்தப் பதிவில் நீங்கள் சொன்ன சூயிங் கம் பற்றி மருத்துவரிடம் கேட்டோம். வாந்தி நின்றிருந்ததால் அனுமதித்தார். மெல்லும்போது, சாப்பாடு வருவதாக எண்ணி மூளை வேகஸ் நரம்பு வழியாகக் குடலைத் தூண்டுமாம். தயவுசெய்து, கேட்காமல் யாரும் கொடுத்துவிடாதீர்கள். நடக்க வைப்பதுதான் பெரும்பாடு. தையல்மேல் தலையணையை அணைத்தபடி வராந்தாவில் மெல்ல நடந்தார். வலிக்குப் போடும் மார்ஃபின் வகை ஊசிகள் குடலை மந்தமாக்கும் என்பதால் பாராசிட்டமாலுக்கு மாற்றிவிட்டார்கள். மாலையில் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றிருக்கிறார்கள்.