பிரிட்ஜ் துளைக்க முதல்: கையால் செய்த எலெக்ட்ரிக் கிற்றார் அனுபவங்கள்

வெள்ளவத்தையான்:
பெயின்ட் வரை முடித்து, தந்தி கட்டி, ட்யூனரைப் போட்டால் தடித்த ஈ (E) தந்தி 12ஆம் ஃப்ரெட்டில் (நெக்கிலுள்ள உலோகக் கட்டு) சுருதி கூடியே நிற்கிறது. உடலில் தந்திகளைப் பூட்டும் பிரிட்ஜில், ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு துண்டான சாடில் பின்னுக்குப் போக இனி இடமில்லை. ஸ்கேல், அதாவது தந்தி அதிரும் நீளம், 648 மி.மீ., அதன்படி பிரிட்ஜுக்கு அளந்த கோடும் சரிதான். சாடில்கள் எல்லாம் பின்னுக்கு ஒட்டியிருந்தபடியே பிரிட்ஜைக் கோட்டில் வைத்துத் துளைத்ததுதான் பிழை. மெல்லிய ஈயின் சாடிலை முன்னுக்குத் தள்ளி அதைத்தான் கோட்டில் நிறுத்த வேண்டும். தடித்த ஈ அதைவிட 3 முதல் 5 மி.மீ. பின்னால் நிற்கும். பழைய துளைகளை மரக்குச்சி ஒட்டி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பிரிட்ஜைப் பின்னுக்கு எடுத்துத் துளைத்தால் சரி.

கொட்டாஞ்சேனை மாமா:
நெக் (கழுத்து) உடலில் உட்காரும் குழியான நெக் பொக்கெட்டில் நாலு திருகும் இறுக்கியாயிற்று, ஆனாலும் இடையில் ஒரு கடதாசி உள்ளே போகிறது. உடலிலும் 3 மி.மீ. துளையே போட்டால் திருகு உடலையும் கடித்துக்கொள்ளும், பிறகு நெக்கை இழுக்காது. உடலில் திருகு தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும், 5 மி.மீ. போதும். நெக்கில் மட்டும் 3 மி.மீ. திருகில் மெழுகு பூசுங்கள். பூசாத திருகு ‘டக்’ என்று உள்ளேயே முறிந்தது இன்னும் காதில் நிற்கிறது.

தெஹிவளை தச்சன்:
மாமா, கோபிக்க வேண்டாம், எல்லா இடைவெளிக்கும் திருகைக் குற்றம் சொல்ல முடியாது. பொக்கெட்டின் தளமே வளைந்திருந்தால்? அது மரத்தின் ஈரம். மொரட்டுவை மரக்காலையில் பலகை நன்றாகக் காய்ந்தது என்றுதான் சொல்வார்கள். வாங்கி வந்தவுடன் இரு முனைகளுக்கும் பெயின்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் முனைதான் முதலில் வெடிக்கும். பலகைகளுக்கு இடையில் 20 மி.மீ. சலாகை வைத்து அடுக்குங்கள். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதுங்கள், நிறை மாறாமல் நின்ற பிறகுதான் ரூட்டர் (மரம் குடையும் மெஷின்). கடற்கரைப் பக்கத்துக் காற்றில் இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும். தேக்கு என்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள், எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. மகோகனிக்கு அந்தத் தொல்லை இல்லை, ரூட்டருக்கும் இதமான மரம். ஒரு தடவைக்கு 4 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். கிற்றார் உடலின் கொம்பு வளைவில் நார் எதிர்த்து நிற்கும் இடத்தில்தான் துண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். அங்கே கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே வரை வாளால் அறுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரூட்டருக்குக் கொடுங்கள். பொக்கெட் ஆழம் 16 மி.மீ., உடல் தடிப்பு 45.

கொட்டாஞ்சேனை மாமா:
தம்பி, நான் சொன்ன பொக்கெட்டில் நேர்சட்டம் வைத்துப் பார்த்தது. தளம் மட்டமாகவே இருந்தது. துளையைப் பெருப்பித்ததும் கடதாசி போகவில்லை.

வத்தளை வயரிங்:
மரத்தை விடுங்கள், இரைச்சலுக்கு வருவோம். பொட்டின் (சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழின்) உலோகத்தைத் தொட்டால் ஹம் அடங்குகிறது, தந்தியைத் தொட்டால் அடங்கவில்லை. அப்படியென்றால் பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் வயர் இல்லை, அல்லது பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜுக்கு அடியில் சுரண்டிவிட்டு, வயரின் நுனியை உரித்து விரித்து வைத்துத் திருகுங்கள்.