ஜிம்னி: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? லோ ரேஞ்ச் பற்றி உதவி தேவை

இந்த மாத இறுதிக்குள் சுசுகி ஜிம்னி என்ற சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியை (நான்காம் தலைமுறை, 1.5 லிட்டர் பெட்ரோல்) வாங்கியாக வேண்டும். எந்த கியர்பாக்ஸ் என்பதில்தான் முடிவெடுக்க முடியவில்லை. என் பாதை செங்குத்தான, உருளும் கற்கள் நிறைந்த மலைத்தடம். ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை.

தொழில்நுட்ப அட்டவணையை வைத்துக் கணக்கிட்டேன். மேனுவலில் முதல் கியர் விகிதம் 4.425, லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கூடுதல் கியர் நிலை) 2.002, டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு முந்தைய கடைசிக் கியர்) 4.090, பெருக்கினால் ஏறத்தாழ 36. அதாவது, சக்கரம் ஒருமுறை சுற்ற என்ஜின் 36 முறை சுற்றும்; இந்த எண் கூடினால் இறக்கத்தில் என்ஜின் பிடியும் கூடும். ஆட்டோமேட்டிக்கில் அதே வரிசையில் 2.875, 2.002, 4.300, பெருக்கினால் ஏறத்தாழ 25தான். ஜீப் ராங்க்ளர் ரூபிகான் மேனுவலில் இது 84 என்பதைப் பார்த்தபோது மலைப்பாக இருந்தது. ஆனால் அது எடை மிகுந்த, பெரிய டயர் வண்டி. நேராக ஒப்பிடுவது நியாயமில்லை.

ஏற்றத்தில் டார்க் கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பாகம்) முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுப்பதால் 25 போதும் என்கிறார்கள். நம்புகிறேன். இறக்கத்தில் அந்த உதவி கிடையாதே! இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். லோ ரேஞ்ச், முதல் கியரில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் மேனுவல் என்ஜின் பிடியிலேயே நிதானமாக இறங்கியது. ஆட்டோமேட்டிக் மெல்ல வேகம் கூடி, மீண்டும் பிரேக்கைத் தேட வைத்தது. இறக்கக் கட்டுப்பாட்டு வசதியைப் போட்டால் வேகம் அடங்குகிறது. அது பிரேக்கைக் கொண்டே அடக்குகிறது என்பதால், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறுமோ என்று அஞ்சுகிறேன். இடது முழங்கால் வலியால் கிளட்ச் மிதிப்பது சிரமம். இல்லையென்றால் மேனுவலை எப்போதோ எடுத்திருப்பேன்.

ஜிம்னி ஆட்டோமேட்டிக்கில் இத்தகைய நீண்ட கல் இறக்கங்களில் தொடர்ந்து ஓட்டியவர்களே, பிரேக் சூடேறாமல் இறங்க அந்த 25 போதுமா?