சுடாத கால்

எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தில் எனக்குக் கடைசிவரை பிடிபடாதது தண்டுவடத்தின் டிராக்ட்கள், அதாவது நரம்புப் பாதைகள்தான். ஃபார்மலினில் ஊறி இறுகிய மூளையைக் கையில் வாங்கியபோதுகூடத் தடுமாறவில்லை. ஆனால் அசைவுக்கான நார்கள் மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தில் பக்கம் மாறும். அதிர்வைச் சொல்பவை அதே பக்கமாகவே ஏறி முகுளத்தில் மாறும். வலியும் சூடும் மட்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே மாறிவிடும். சிவப்பு, நீலம், பச்சை என்று பேனா மாற்றி மாற்றி வரைந்து வைவாவை, வாய்மொழித் தேர்வை, ஒப்பேற்றினேன். அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் மெடிசின் வார்டில் ஒரு அக்கா. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். நானும் அந்தக் காலையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்தக் கால விடுங்க. இந்த நல்ல கால்லதான் சுடுதண்ணி கொட்டுனதே தெரியல" என்று இடது காலைக் காட்டினார். புறங்காலில் பெரிய கொப்புளம்.

குண்டூசி வைத்தேன், இடது காலில் குத்து உறைக்கவில்லை. 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைக் கணுக்காலில் வைத்தேன். வலது காலில் அதிர்வு தெரியவில்லை. என் மூன்று பேனாக் கோடுகளும் அந்தக் கட்டிலில் படுத்திருந்தன. பிரௌன்-செக்வார்ட்! தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் கெடும்போது வருவது. தண்டுவடத்தின் வலது பாதியை நெஞ்சு மட்டத்தில் ஒரு கட்டி நெரிப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. நோயைப் பாதி கண்டுபிடித்துக் கொடுத்தவர் அந்த அக்காதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நடை தேறியது. இடது காலில் சூடு தெரிகிறதா என்று கேட்பதற்குள் என் போஸ்டிங் முடிந்துவிட்டது.

*

உங்கள் பதிவில் அந்த வார்டு அக்காவைப் படித்ததும் என் முதல் லம்பார் பங்க்சர், முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுப்பது, நினைவுக்கு வந்தது. ஹவுஸ் சர்ஜன் நாட்கள். காய்ச்சலும் கழுத்து இறுக்கமுமாக ஒரு பெரியவர். தண்டுவடத்தைக் குத்திவிடுவேனோ என்று விரல் நடுங்கியது. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பு வாக்கிலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே குதிரைவால் போலத் தொங்கும் நரம்புகள்தான். இரண்டு இடுப்பெலும்பு உச்சிகளையும் இணைக்கும் கோடு போவது நான்காவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில். மனசுக்குள் இதையே சொல்லிக்கொண்டு தடவித் தடவி இடம் கண்டேன். சட்டென்று ஊசி வழிவிட்டது. முதல் சொட்டு கலங்கலாக விழுந்தது. மூளைக்காய்ச்சல்தான்.

"முடிஞ்சிருச்சாய்யா?" என்றார். முடிந்துவிட்டது என்று சொல்லக் குரலே வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.