மேற்குச் சுவருக்கு நிழல்: ஃபீனிக்ஸ் வெயிலில் ஆஷ் மரம் தாங்குமா?

மேற்குச்சுவர்:

வணக்கம். அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சேண்ட்லரில் வீடு. பின்முற்றம் நேர் மேற்கு. பிற்பகல் 2 மணிக்கு மேல் சுவரும் கண்ணாடிக் கதவும் அடுப்பு மாதிரி காய்கின்றன. வீட்டுச் சுவரிலிருந்து பின்மதில் வரை 38 அடி. தரை முழுக்கச் சரளைக்கல், புல் கிடையாது. குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரவேண்டும் என்பதால் இலையுதிர் மரம்தான் வேண்டும். ஆஷ் வைக்கலாம் என்று நினைக்கிறேன். நர்சரியில் அரிசோனா ஆஷ், ஃபேன்-டெக்ஸ், ஷாமெல், ரேவுட் என்று நான்கு பெயர் சொல்கிறார்கள். எதை எடுப்பது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, வாரத்துக்கு எத்தனை காலன் தண்ணீர்?

இன்னும் இரண்டு விஷயம். ஒன்றரை அடி தோண்டினால் வெள்ளையாக ஒரு கெட்டித் தட்டு, கடப்பாரை தெறிக்கிறது. தெருக்கோடியில் உள்ள பெரிய ஆஷ் இரண்டு வருடமாக உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. அங்கே புல்தரையை எடுத்துவிட்டுச் சரளை போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

சுக்கான்பாறை:

கடைசிக் கேள்வியில்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. தொடர்பு நிச்சயம் உண்டு. அரிசோனா ஆஷ் என்ற பெயரைப் பார்த்துப் பாலைவனச் செடி என்று எண்ணிவிடக் கூடாது. அது பாலைவனத்தில் வாழும் ஆற்றங்கரை மரம். காட்டில் அதைத் தேடினால் ஓடை ஓரத்திலும், மலையிடுக்கில் நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்திலும்தான் கிடைக்கும். வெயிலைத் தாங்கும், காரமண்ணைத் தாங்கும், வறட்சியைத் தாங்காது. புல்லுக்கு விட்ட தண்ணீரைக் குடித்து 20 வருடம் வளர்ந்த மரத்துக்கு ஒரே நாளில் குழாயை அடைத்தால், வேரின் கடைசி நுனிக்கு மிகத் தொலைவில் இருக்கும் உச்சிக்கிளைதான் முதலில் காயும்.

வகைக்கு வருவோம். ஷாமெல் மெக்சிகோ மரம். இங்கே ஏறக்குறைய பசுமைமாறா மரம் மாதிரி நடந்துகொள்ளும், குளிர்கால வெயில் உங்களுக்குக் கிடைக்காது. தவிர அது 60 அடியைத் தாண்டக்கூடியது, மேல்வேர் அதிகம், கடும் உறைபனியில் கருகும். 38 அடி முற்றத்துக்கு அது யானை. ரேவுட் ஆஸ்திரேலியாவில் தேர்ந்தெடுத்த வகை. இலையுதிர்காலத்தில் ஊதா கலந்த சிவப்பாக மாறும், அழகுதான். ஆனால் வெப்பமும் தண்ணீர்க் குறையும் சேர்ந்தால் கிளை கிளையாகக் காயும். விதையிலிருந்து வந்த சாதாரண அரிசோனா ஆஷில் ஆண், பெண் தனித்தனி மரம். பெண் மரம் வந்தால் இறக்கை விதைகள் கொத்துக் கொத்தாகக் கொட்டி, ஈரம் கண்ட இடமெல்லாம் முளைக்கும். மொடெஸ்டோ என்பது அதே இனத்தின் பழைய தேர்வு, கலிபோர்னியா ஊர்ப் பெயர்.

ஃபேன்-டெக்ஸ் எடுங்கள். ஒட்டுக்கன்று, ஆண் மரம், விதை இல்லை. இலை தடித்துக் கரும்பச்சையாக இருக்கும். வெயிலில் ஓரம் கருகுவது ஒப்பீட்டளவில் குறைவு. வீட்டில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருந்தால் மட்டும் யோசியுங்கள்: விதை வேண்டாம் என்று ஆண் மரத்தை வாங்கினால் தூள் முழுக்க நமக்குத்தான். ஒட்டுக்குக் கீழே தூரிலிருந்து கிளம்பும் தளிர்களை விரல் நீளம் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிச்செடி மேல்செடியை முந்திவிடும்.

வெள்ளைத் தட்டு, இங்கே கலீச்சி என்பார்கள்; நம் சுக்கான் பாறைதான். மண்ணில் கால்சியம் கார்பனேட் இறுகிப் படிந்தது. குழி தோண்டும் முன் 811-ஐ அழைத்து நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துவிடச் சொல்லுங்கள். பிறகு குழியின் அடிவரை தோண்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். 4 மணி நேரத்தில் 4 அங்குலமாவது இறங்கினால் நடலாம். இறங்காவிட்டால் தட்டை முழுக்க உடைக்கும் வரை, அல்லது குழியின் அடியில் கீழ்மண் வரை ஒரு புகைபோக்கித் துளை இறக்கும் வரை அந்த இடத்தில் ஆஷ் வைக்காதீர்கள். வடியாத சுக்கான் குழி என்பது அடி அடைத்த தொட்டி. வேர் அழுகும், உப்பு தேங்கும், இலை மஞ்சளாகும்.

குழி, வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். அகலம் அதைப்போல் 3 முதல் 5 மடங்கு. தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். எருவும் மட்கும் கலந்து குழியை மெத்தையாக்கினால் வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே வராது. தொட்டியில் வட்டமடித்த வேரைப் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கீறிவிடுங்கள். தூர் அகன்று வேராகப் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். நர்சரித் தொட்டியிலேயே அது புதைந்திருக்கும், சுரண்டிப் பார்த்துவிட்டு நடுங்கள்.

தூரம்: சுவரிலிருந்து 18 முதல் 20 அடி. அதற்குள் வைத்தால் 15 வருடம் கழித்து அஸ்திவாரமும் கழிவுநீர்க் குழாயும் உங்களைத் திட்டும். நடவு அக்டோபர், நவம்பர்; தவறினால் பிப்ரவரி. மே மாதம் நடுவது மரத்துக்குச் செய்யும் துரோகம். 15 காலன் தொட்டிக் கன்று போதும், பெட்டியில் வரும் பெரிய மரத்தைச் சில வருடத்தில் பிடித்துவிடும்.

நீர்க்கணக்கு:

'வாரத்துக்கு எத்தனை காலன்' என்று கேட்டால் எல்லா வயது மரத்துக்கும் ஒரே விடை கிடையாது. கணக்கு போடும் வழியைச் சொல்கிறேன்.

கிளைகள் விரிந்த குடையின் விட்டத்தை அளந்து பரப்பைக் கண்டுபிடியுங்கள். 20 அடி விட்டம் என்றால் 314 சதுர அடி. ஜூன் மாதம் ஃபீனிக்ஸில் ஒரு நாள் ஆவியாதல் ஏறத்தாழ 0.35 அங்குலம், நன்கு வேரூன்றிய மரத்துக்கு அதில் பாதி போதும் என்று வைத்தால் 0.18 அங்குலம். ஒரு சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் 0.623 காலன். ஆக 314 × 0.18 × 0.623, நாளுக்குச் சுமார் 35 காலன். பத்து நாளுக்கு ஒருமுறை விட்டால் 350 காலன். மணிக்கு 4 காலன் விடும் சொட்டுநீர் எமிட்டர் 12 இருந்தால் மணிக்கு 48 காலன். 7 மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டும். இந்த எண்ணைக் கேட்டுப் பலர் திகைப்பார்கள். இரண்டு எமிட்டர் போட்டுத் தினமும் 20 நிமிடம் விடுவதுதான் வழக்கம், மரம் சாவதும் வழக்கம்.

எண்ணைவிட ஆழம் முக்கியம். ஒவ்வொரு முறையும் 24 முதல் 36 அங்குலம் வரை நனையவேண்டும். 3 அடி நீள மெல்லிய இரும்புக் கம்பியை மறுநாள் குத்திப் பாருங்கள்; ஈரம் உள்ளவரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த மண்ணில் நிற்கும். ஒன்றரை அடியில் நின்றால் நேரத்தைக் கூட்டுங்கள், தண்ணீர் விடும் நாட்களைக் கூட்டாதீர்கள். வேரூன்றிய மரத்துக்குக் கோடையில் 7–10 நாளுக்கு ஒருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் பருவத்திலும் 7–12 நாள், குளிரில் 14–30 நாள். இலை உதிர்ந்துவிட்டது என்று டிசம்பரில் குழாயை முழுக்க அடைக்கக் கூடாது, வேர் உயிரோடுதான் இருக்கிறது.

புதுக்கன்று வேறு. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டலாம். முதல் கோடையில் 3 நாளுக்கு ஒருமுறை 10–12 காலன், வேர்ப்பந்தின் மேலேயே விழவேண்டும். பந்துக்கு வெளியே மண் சேறாக இருக்க, பந்து மட்டும் உலர்ந்து செத்த கன்றுகள் ஏராளம். இரண்டாம் வருடத்திலிருந்து எமிட்டர்களை வெளியே தள்ளிக்கொண்டே போய்க் குடையின் விளிம்புக்குக் கொண்டுபோங்கள். தூரை ஒட்டி ஈரம் வைப்பது அழுகலுக்கு அழைப்பு.

இங்கே குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு வேர் மட்டத்திலேயே தங்கி, ஜூலையில் இலை ஓரம் பழுப்பாகக் கருகும். 'தண்ணீர் போதவில்லை' என்று இன்னும் அடிக்கடி, இன்னும் கொஞ்சமாக விடுவார்கள். மருந்து நேர் எதிர்: வருடத்துக்கு இரண்டு முறை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு விட்டு உப்பைக் கீழே தள்ளுங்கள்.

அந்தச் சரளையை மரத்தைச் சுற்றி 6 அடி விட்டத்துக்காவது அள்ளிவிட்டு, மரச்சில்லு மூடாக்கு 3–4 அங்குலம் போடுங்கள். தூரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கட்டும்.

பாலோவெர்டே:

எல்லாம் சரி, ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பத்து நாளுக்கு 350 காலன் குடிக்கும் மரம் இந்த ஊரில் வேண்டுமா? 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும். 2024-ல் 100 டிகிரிக்குக் குறையாத நாள் தொடர்ந்து 113. வெல்வெட் மெஸ்கீட் மரம் இதைப் பாதித் தண்ணீரில் தாண்டும். சைனீஸ் பிஸ்டாஷ் இலையுதிர் மரம்தான், நிழலும் அடர்த்தி, வேரும் அடக்கம். அதன் உறவான 'ரெட் புஷ்' என்ற கலப்பின பிஸ்டாஷும் இங்கே எளிதாகக் கிடைக்கும்.

இன்னொன்று: எமரால்ட் ஆஷ் துளைப்பான் வண்டு. 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2013-ல் கொலராடோ, 2016-ல் டெக்சஸ், 2022-ல் ஓரிகன். ஆஷ் இனம் மட்டும்தான் அதற்கு முக்கிய உணவு. ஒரே தெருவில் வரிசையாக ஆஷ் வைப்பது அதற்குப் பந்தி போடுவது.

மேற்குச்சுவர்:

நன்றி. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. வடிதல் சோதனை செய்தேன்: 4 மணி நேரத்தில் ஒன்றரை அங்குலம். மூலையில் வேறு இடத்தில் 5 அங்குலம் இறங்கியது. அது சுவரிலிருந்து 22 அடி. பிஸ்டாஷையும் பார்த்தேன், ஆனால் நிழல் சீக்கிரம் வேண்டும். ஒரே ஒரு ஃபேன்-டெக்ஸ் போதும். கவாத்து, நோய் பற்றி யாராவது சொன்னால் நல்லது.

கவாத்து:

ஒரு மரம், வடியும் இடம்: இரண்டும் சரியான முடிவு. பாலோவெர்டே சொன்னதை மறுக்கமாட்டேன், ஆனால் ஆஷின் அடர்ந்த நிழலை மெஸ்கீட் தராது. ஒரு மரத்துக்குத் தண்ணீர் ஒதுக்க முடியுமென்றால் வைக்கலாம்; நான்கு வைக்க நினைத்தால் அவர் பக்கம்.

நட்டதும் நர்சரிக் குச்சியை அவிழ்த்துவிடுங்கள். தண்டோடு இறுக்கிக் கட்டிய மரம் தடிக்காது. நிற்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் தள்ளிக் கம்பு ஊன்றி, மரம் ஆடும்படி தளர்வாகத் தாழ்வாகக் கட்டுங்கள்; ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள்.

கீழ்க்கிளைகளை முதல் மூன்று வருடம் விட்டுவைக்கவேண்டும். 'மரம் மாதிரி' தெரிய எல்லாரும் உடனே சீவிவிடுகிறார்கள். மேற்கு வெயில் நேராகப் பட்டை மேல் விழுந்து வெந்து பிளக்கும், அந்தப் பிளவில் துளைப்பான் புகும். ஆஷின் இளம்பட்டை மெல்லியது. வெந்த பக்கத்துக்கு வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டைச் சமபங்கு தண்ணீர் கலந்து பூசுங்கள், எண்ணெய் பெயிண்ட் வேண்டாம்.

கவாத்து ஜனவரியில், இலை இல்லாதபோது. ஒரே வருடத்தில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சம தடிமனில் 'வி' போலப் பிரியும் இரட்டைத் தலையை இளமையிலேயே ஒன்றாக்குங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான பருவமழைப் புயல்காற்றில் முதலில் பிளப்பது அந்த இடம்தான். புயலுக்குப் பயந்து உச்சியை வெட்டி மொட்டையடிப்பது, உள்கிளை எல்லாம் சுரண்டி நுனியில் மட்டும் இலை விடுவது, இரண்டுமே மரத்தை இன்னும் பலவீனமாக்கும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு உண்டு, கார அளவு (pH) 8-ஐ ஒட்டியிருப்பதால் வேருக்கு எட்டவில்லை. இடிடிஹெச்ஏ (EDDHA) என்று எழுதிய இரும்பு மட்டும் வாங்குங்கள். இடிடிஏ (EDTA) இந்த மண்ணில் வீண். அதற்கும் முன் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள், பாதி மஞ்சள் அதனால்தான். இலையடியில் வெண்பொடி போல ஆஷ் வெள்ளை ஈ வந்தால் மருந்தடிக்க ஓடவேண்டாம். அதைத் தின்னும் சிறு குளவி ஒன்று உண்டு, மருந்து அதைத்தான் முதலில் கொல்லும்.

உண்மையில் அஞ்சவேண்டியது பருத்தி வேரழுகல் பூஞ்சை. கோடை நடுவில், நேற்று நன்றாக இருந்த மரம் சில நாளில் மொத்தமாக வாடி, காய்ந்த இலை உதிராமல் தொங்கும். நம்பகமான மருந்து கிடையாது. பழைய பருத்தி வயல் மேல் எழுந்த வீட்டுமனை என்றால், அக்கம்பக்கத்தில் இப்படி மரம் செத்ததா என்று விசாரித்துவிட்டு நடுங்கள்.

தெருக்கோடி மரத்துக்கு இன்னும் வாய்ப்பு இருக்கலாம். உச்சி மட்டும் காய்ந்து கீழே இலை பச்சையாக இருந்தால், குடை விளிம்பைச் சுற்றி எமிட்டர் வளையம் போட்டு 10 நாளுக்கு ஒருமுறை 2 அடி நனையும்படி விடச் சொல்லுங்கள். காய்ந்ததை வெட்ட அடுத்த வசந்தம் வரை பொறுக்கட்டும், எது உயிரோடு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இந்த வருடம் உரம் வேண்டாம்.