1881 ஆணைக்கு முந்தைய மூதாதையரின் பெயரைக் கண்டறிய உதவி தேவை

வணக்கம். புதுச்சேரியில் வாழ்ந்த என் கொள்ளுத்தாத்தாவின் தந்தை, 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணையின்படி தம் சாதிவழித் தனிச்சட்டத்தை (திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் சாதி வழக்கத்தைப் பின்பற்றும் சட்டநிலையை) துறந்து, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றை ஏற்றுக்கொண்டவர். அதற்கு முன் நம் வழக்கப்படி தம் பெயரும் தந்தை பெயரும் மட்டுமே அவருக்கு இருந்தன. அந்தப் பழைய பெயர் தெரியாததால் முந்தைய தலைமுறைகளைத் தொட முடியவில்லை.

என்னிடம் இரண்டு ஆவணங்கள் உள்ளன: 1909இல் சைகோனில் பதிவான தாத்தாவின் பிறப்புப் பதிவு, 1884இல் புதுச்சேரியில் பதிவான கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவு. பின்னதில் எழுத்தர் புதிய குடும்பப் பெயரையே எழுதியிருக்க, அடியில் கொள்ளுத்தாத்தாவின் தந்தை தமிழில் கையொப்பமிட்டிருக்கிறார். மை பரவிய அந்த வரியில் ‘மு’ என்ற முதலெழுத்து மட்டுமே தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து மனம் அமைதியடையவில்லை.

பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகம் இணையத்தில் வைத்துள்ள 1875 முதல் 1883 வரையிலான புதுச்சேரிப் பிறப்புப் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ‘உ’ ஒலிக்கு ஓ, யூ என இரண்டு எழுத்துகளை இட்டு, காதில் விழுந்தபடி எழுதும் பிரெஞ்சு முறையில் முருகேசன், முத்து எனப் பலர் வருகிறார்கள். இவர்களில் எங்களவர் யாரெனப் பிரித்தறிய வழியில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கும் நினைவில்லை.

1881 முதல் 1884 வரையிலான துறப்புப் பத்திரங்களில் புதிய பெயரைக் கொண்டு பழைய பெயரைக் கண்டறிய, எந்தப் பதிவேட்டில் தேட வேண்டும்?