'சீட்' என்பதற்கு 'இருக்கை' வேண்டாம்: நடுவர் வழக்குச் சொல் ஒன்று

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீதிமன்றத்துக்குப் போகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் தீர்த்துக்கொள்வது நடுவர் வழக்கு. பன்னாட்டு நடுவர் வழக்குகளில், வழக்கு எந்த ஊர்ச் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட்டதோ அந்த ஊருக்கு 'சீட்' என்று பெயர்; விசாரணைக்கு ஆட்கள் கூடும் இடம் 'வென்யூ'. 'சீட்' என்ற சொல்லுக்குப் போன வாரம் இங்கே தமிழில் 'இருக்கை' என்று முன்மொழிந்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

காரைக்குடியில் மர வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தேக்கு இறக்கினார். தகராறு வந்தால் 'சீட்' சிங்கப்பூர், 'வென்யூ' சென்னை என்று ஒப்பந்தம். யாரோ செய்துகொடுத்த தமிழாக்கத்தில் முதலாவது 'இருக்கை', அடுத்தது 'இடம்'. விசாரணை முழுக்கச் சென்னை ஹோட்டல் ஒன்றில் நடந்தது. தீர்ப்பு எதிராகப் போனதும் மனிதர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார். "இங்கே உட்கார்ந்துதானே விசாரித்தார்கள்?" என்றார். ரத்து செய்யும் அதிகாரம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குத்தான் என்று தெரிந்து என்னிடம் வந்தபோது, அங்கே மனுப்போட உள்ள 3 மாதக் கெடு முடிந்துவிட்டது. நம் நாட்டு நடுவர் சட்டத்தின் 48ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பை இங்கே நிறைவேற்றுவதை எதிர்க்கலாம். அது மிகக் குறுகிய வாசல்.

நான் 11 வருடம் சிங்கப்பூரில் இந்த வழக்குகளிலேயே கிடந்தவன். குறுக்கு விசாரணையில் எதிராளியை மடக்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். பாதி நாள், யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கடைசிப் பக்கத்து இரண்டு வரிக்காகச் சண்டை போடுவதிலேயே கழிந்தது. நம் 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டமும் லேசுப்பட்டதல்ல. 20ஆம் பிரிவில் 'சீட்', 'வென்யூ' இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்தான். 'சீட்' வெளிநாடு என்றால் தீர்ப்பை ரத்து செய்ய இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2012இல் பால்கோ வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதே அல்ல. நகரத்தாரில் கல்யாணமானால் தனிக் குடும்பமாகக் கணக்கில் ஏறும்; அதற்குப் புள்ளி என்று பெயர். கடை பினாங்கில், வீடு சென்னையில் என்றாலும் புள்ளி கண்டனூர் என்றால் கண்டனூர்தான். கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தாலும் மாலை அவரவர் கோயிலிலிருந்து வர வேண்டும், இளையாற்றங்குடியோ நேமமோ. மண்டபம் 'வென்யூ', கோயில் 'சீட்'. அவ்வளவுதான் சங்கதி!

என் முன்மொழிவு: 'சீட்' என்பதற்கு நிலையூர், 'வென்யூ' என்பதற்குக் கூடுமிடம்.

--- தேவகோட்டையிலிருந்து மறுமொழி ---

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நிலையூர் என்றதும் எனக்குத் திருப்பரங்குன்றம் பக்கத்து ஊர்தான் கண்ணில் நிற்கிறது. 'நிலைக்களம்' இருக்கிறதே? தொல்காப்பிய உவமையியலில் உவமை எதிலிருந்து பிறக்கிறதோ அதற்கு நிலைக்களன் என்றுதான் பெயர். தீர்ப்பு எந்தச் சட்டத்தில் காலூன்றி நிற்கிறதோ அது நிலைக்களம். 'புள்ளி'யையே எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். 'சட்டப்புள்ளி' என்றால் யாரோ பெரும்புள்ளி என்று நினைப்பார்கள்.

--- மறுமொழிக்கு மறுமொழி ---

வாத்தியாரையா, சொல் அழகுதான். ஆனால் களம் என்றால் நெற்களம், போர்க்களம் என்று ஆட்கள் கூடுகிற இடம்தானே மனதில் வரும்? சுற்றி வளைத்து மறுபடி 'வென்யூ'விலேயே வந்து நிற்கிறோம்.

நேற்று அந்த மரக்கடை உறவினருக்கு போன் போட்டு இரண்டு சொல்லையும் படித்துக் காட்டினேன். நிலைக்களத்துக்கு "சினிமா சூட்டிங்கா?" என்றார். நிலையூருக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வழக்குக்குச் சொந்த ஊர் எதுன்னு கேக்குறியளா? அப்படி எழுதியிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்குமே" என்றார்.

அடுத்த வாரம் தமிழில் ஒரு ஒப்பந்த வரைவு எழுத வேண்டியிருக்கிறது. அதில் நிலையூர் என்றே போட்டு, விளக்கப் பகுதியில் 'வழக்கின் சொந்த ஊர்' என்று சேர்க்கப்போகிறேன். கூடுமிடத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.